செத்த நேரம்னா எத்தனை நிமிசம்

போன வாரம் கடைக்கு வந்து, அந்த மூலை ஸ்டூல்ல உக்காந்து, நீங்க மூணு பேரும் எப்படி வியாபாரம் பண்றீங்கன்னு ஒரு மணி நேரம் பார்த்தேன். யாருக்கும் தெரியாமப் பார்த்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். முதலாளி மகன் விட்டாத்தானே. "வாங்க அத்தை, காபி சொல்லவா"ன்னு சத்தம் போட்டுக் கடையையே திரும்பிப் பார்க்க வச்சுட்டாரு. சரி, போகட்டும். காபி நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு ஆள் வந்தாரு. "ஜீப்புல வச்சுக்கிட டயருக்குக் காத்து அடிக்கிற மிசினு வேணும்"னாரு. உடனே நீங்க அலமாரியத் திறந்து மூணு பெட்டிய எடுத்து வரிசையா வச்சீங்க. சின்னது, நடுவுலது, பெருசு. சட்டைக் கடையில சைஸ் காட்டுற மாதிரி. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. ஏலே, அந்த மனுசன் எந்த ஊரு, வண்டி எங்க போகுது, காத்தை எங்க இறக்குதாரு, எங்க ஏத்துதாரு, தினமுமா, வருசத்துக்கு ஒருக்காவா, ஒண்ணாச்சும் கேட்டீங்களா? பெட்டி மேல போட்டிருக்கிறதை வாசிச்சுச் சொன்னீங்க. ஏன், வாசிக்க அவருக்குத் தெரியாதா?

மூஞ்சிய அப்படி வச்சுக்கிடாதீங்க. நான் பேசுறதே இப்படித்தான். இதே கவுண்டர்ல கல்யாணத்துக்கு முன்னால வந்து நின்னவ நான், பேரன் எடுத்த பொறவுதான் வெளிய போனேன். எஸ்தர் அக்கான்னா வத்திராயிருப்பு வரைக்கும் ஜீப் ஓட்டுறவங்களுக்குத் தெரியும். நல்லவிதமாவும் தெரியும், வாய்க்காரின்னும் தெரியும். உங்களைத் திட்டுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. ஏன்னா நீங்க பண்ணதை நானும் பண்ணியிருக்கேன். அதை விட மோசமாவும் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.

என்னை வேலைக்கு எடுத்த பெரிய முதலாளி, இப்ப இருக்கிறவரோட அப்பா. அவிய வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. கடையில எங்ககூடத் தமிழ்தான். ஆனா கோவம் வந்தா "ஏமம்மா"ன்னு ஆரம்பிப்பாரு. "ஏமம்மா" வந்துச்சுன்னா சரி, இன்னைக்கு நம்ம பாடு அவ்வளவுதான்னு தெரிஞ்சுக்கிடுவோம். இந்தக் காத்து மிசின் கடைக்கு வந்த புதுசுல, பளபளன்னு ஒரு ஜீப்புல ஒருத்தர் வந்து இறங்கினாரு. இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு குடுங்கன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம். ரெண்டு சிலிண்டர் வச்சது, ரெண்டு கையாலயும் தூக்கணும், அதைக் குடுத்து அனுப்பிட்டேன். சாயங்காலம் முதலாளி வந்தாரு. "ஏமம்மா, அந்த வண்டி மண்ணைப் பார்த்திருக்கா?" அவரே சொன்னாரு. அந்த வண்டி வீட்டுல இருந்து மில்லுக்குப் போகும், மில்லுல இருந்து வீட்டுக்கு வரும். வருசத்துல ஒரு நாள் அய்யனார் கோயில் ஆத்துப்பக்கம் குடும்பத்தோட போகும். மறுநாள் காலையில சிகரெட் லைட்டர் துளையில சொருகுற சின்ன மிசினை என் கையில குடுத்து, "போய் மாத்திட்டு வா"ன்னாரு. நான் போய், அந்த வீட்டு வாசல்ல நின்னு, "சார், உங்களுக்கு இது போதும்"னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! பொறவு வேற எதுக்கும் அவர் வேற கடைக்குப் போகலை.

அன்னையில இருந்து நான் பெருசா ஒரு கெட்டிக்காரியா ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். வண்டி எங்க போகுதுன்னு கேக்காம பெட்டிய எடுக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு தோப்புக்கும் போற பாதை எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. சோழபுரம் பக்கம் களிமண்ணு, செண்பகத்தோப்புப் பக்கம் கல்லு, கூமாப்பட்டிக்கு மேல ஓடை மணலு. வண்டியே ஓட்டத் தெரியாதவ நான். ஆனா எந்த ஓடையில எம்புட்டு காத்து வச்சா டயர் புதையாதுன்னு சொல்லுவேன்.

அப்படிக் கேட்டுத்தான் மாரியப்பனுக்கும் மிசினு குடுத்தேன்.

மாரியப்பன் கூமாப்பட்டிக்காரன். மலையடிவாரத்துல ஒரு மாந்தோப்பைக் காவல் பார்த்துக்கிட்டு, அங்கயே வீடு. பொண்டாட்டி, ஒரே மக. தோப்புக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு அகலமான ஓடை. தண்ணி ஓடுறது வருசத்துல கொஞ்ச நாளுதான், மத்த நாளெல்லாம் மணலு. பழைய ஜீப் ஒண்ணு வச்சிருந்தான். காலையில அந்தப் பக்கத்துத் தோப்புச் சனம், பால் கேனு, கீரைக்கட்டு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஊருக்கு வருவான். டயர்ல காத்து நிறைய இருந்தா மணல்ல வண்டி குழி பறிச்சு உக்காந்துக்கிடும். அதனால காத்தை இறக்கிட்டு, டயரைச் சப்பையாக்கிட்டு ஓடையைத் தாண்டுவான். தாண்டி ஊர்க்கரை ஏறினதும் திரும்ப நாலு டயருக்கும் காத்து அடிக்கணும். கைப்பம்புல அடிச்சு அடிச்சுத் தோள்பட்டை போச்சுன்னு மகளையும் கூட்டிக்கிட்டு எங்கிட்ட வந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. வீட்டுல வெள்ளையடிக்க ஆளு வந்து நிக்கிறான், கடையில கூட்டம், எனக்குக் கால் தரையில பாவலை. ஆனாலும் கேக்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். அவனுக்கு உண்மையில தோதானது இஞ்சின் பெல்ட்டுல ஓடுற மிசினு. இஞ்சின் ஓடுற வரைக்கும் அதுவும் ஓடும், சூடுன்னு படுத்துக்கிடாது. ஆனா அதை மாட்டணும்னா அந்தப் பழைய இஞ்சினுக்குத் தக்கன மிசினைத் தாங்க இரும்புல ஒரு தாங்குகட்டை அடிக்கணும், வண்டி ரெண்டு நாள் பட்டறையில நிக்கணும். "ரெண்டு நாள் நிறுத்தினா பால்காரங்க என்னையக் கொன்னுருவாங்கக்கா"ன்னான். சரின்னு பேட்டரியில கவ்வி மாட்டுற நடுவாந்திரம் ஒண்ணை எடுத்தேன். தப்பான மிசினு இல்லை அது. இப்பவும் சொல்லுவேன். ஓய்வு குடுத்து ஓட்டினா உழைக்கும்.

பணத்தைக் குடுக்கப் போறவன் நின்னு கேட்டான். "எக்கா, நிறுத்தாம எம்புட்டு நேரம் ஓடும்?"

பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல போட்டிருக்கு. பதினஞ்சு நிமிசம் ஓட்டணும், முப்பது நிமிசம் நிறுத்தணும். எனக்கு அது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"செத்த நேரம் ஓடவிடு தம்பி. பொறவு செத்த நேரம் ஆறப் போடு. அம்புட்டுத்தான்."

அவனும் தலையை ஆட்டிட்டு, மிசினை மடியில வச்சுக்கிட்டுப் பஸ் ஏறிட்டான்.

சிரிக்காத ஏட்டி. நீயும் போன வாரம் அதைத்தான் சொன்ன, நான் கேட்டேன். நம்ம ஊர்ல செத்த நேரம்னா என்ன? வீட்டுக்கு வந்தவங்களை "செத்த நேரம் உக்காருங்க"ன்னா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுதான் விடுவோம். "செத்த நேரத்துல வாரேன்"னு போன் பண்றவன் அப்பத்தான் குளிக்கப் போறான். பதினஞ்சுக்கும் செத்த நேரம், முப்பதுக்கும் அதே செத்த நேரம். எந்தக் கூறுகெட்டவளாவது இப்படிச் சொல்லுவாளா?

ஆனா பாருங்க, மூணு மாசம் ஒண்ணுமே ஆகலை. அதுக்கும் காரணம் இருக்கு. கரை ஏறினதும் முன் டயர் ரெண்டுக்கும் காத்து அடிப்பான். மணல்ல பாரம் ஏத்தினா வண்டி புதையும்னு சனம் ஓடையை நடந்து தாண்டி வந்துதான் ஏறும், அதனால அதுக்குள்ள பால்காரர் ஒருத்தரும் வந்திருக்க மாட்டாரு. உக்காந்து காத்துக்கிடப்பான். ஒருத்தர் வருவாரு, அவர் பொண்டாட்டி கீரைய மறந்துட்டுத் திரும்பிப் போவா, இன்னொருத்தர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கையைக் காட்டுவாரு. எல்லாரும் வந்து சேர்ந்த பொறவு பின் டயர் ரெண்டுக்கும் அடிப்பான். அந்தச் சனம் தாமதமா வந்து வந்து மிசினுக்கு ஓய்வு குடுத்திருக்காங்க. அவனுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

பங்குனி வந்துச்சு. மக ஈஸ்வரிக்குப் பத்தாவது பரீட்சை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல படிக்கா, தினமும் கூமாப்பட்டியில இருந்து பஸ்ஸுலதான் போவா. அன்னைக்குக் கணக்குப் பரீட்சை. மாரியப்பன் எல்லார்கிட்டயும் முந்தின நாளே சொல்லிட்டான், "நாளைக்கு யாரையும் ஏத்த மாட்டேன், பிள்ளையை மட்டும் கொண்டு போய்ப் பஸ்ஸுல ஏத்தணும்"னு. வழக்கத்தை விடச் சீக்கிரமாக் கிளம்பினாங்க. யாருக்கும் காத்திருக்க வேண்டாம். வெயிலும் காலையிலயே சுள்ளுன்னு இருந்துச்சு. முன் டயர் ரெண்டு முடிஞ்சதும் நிறுத்தாம மூணாவதுல மாட்டிட்டான். பாதியில மிசினு நின்னு போச்சு.

எனக்குப் போன் வரும்போது மணி எட்டு. இங்க ராஜபாளையத்துல வீட்டுல இட்லி ஊத்திக்கிட்டு இருக்கேன்.

"எக்கா, நீங்க குடுத்த மிசினு போச்சு."

"போகாது தம்பி. சூடாகி நின்னிருக்கும். ஒண்ணும் பண்ணாம விடு, தன்னால ஓடும்."

"தண்ணி ஊத்திட்டேனேக்கா."

"எதுல?"

"மிசினுலதான். ரேடியேட்டர் கொதிச்சா ஊத்துவோம்ல. ஓடைக் குழியில கிடந்த தண்ணிய மோந்து ஊத்தினேன். டப்புன்னு ஒரு சத்தம். அதுல இருந்து மூச்சே இல்லை."

அடுப்பை அணைச்சேன். மிசினு எப்ப நின்னுச்சுன்னு கேட்டேன். அரை மணி நேரம் ஆச்சுன்னான். அந்த அரை மணி நேரமும் அதைக் கழட்டி, மாட்டி, ஊதி, தட்டி, தண்ணி ஊத்தின்னு மல்லுக்கட்டியிருக்கான். அந்த அரை மணி நேரம் சும்மா விட்டுட்டு வேப்பமரத்துக்குக் கீழ உக்காந்திருந்தா மிசினு திரும்ப ஓடியிருக்கும். மிசினு கேட்ட ஓய்வு சரியா அம்புட்டு நேரந்தான்.

"பஸ் போயிருச்சுக்கா. அடுத்த பஸ்ஸுல போனா பரீட்சை ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆயிரும். பின்னால ரெண்டு டயரும் சப்பையாக் கிடக்கு. ஸ்டெப்னி ஒண்ணுதான் இருக்கு, மாத்தினாலும் இன்னொண்ணு சப்பை. இப்படியே தார் ரோட்டுல அமுக்கிப் பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிரட்டா?"

பின்னால பிள்ளையோட குரல் கேட்டுச்சு. "அப்பா, அத்தைகிட்ட கேளுங்கப்பா, போலாம்னு சொல்லுவாங்க."

பிள்ளைகளா, இதை நீங்க நல்லாக் கேட்டுக்கிடணும். அப்ப எனக்கு "போ"ன்னு சொல்ல எம்புட்டு ஆசையா இருந்துச்சு தெரியுமா? போன்னு சொல்லிட்டா அந்தப் பிள்ளை நேரத்துக்குப் போயிரும், என் தப்பும் அதோட மறைஞ்சிரும். பாதி நேரம் ஒண்ணும் ஆகாதும்பான் எந்த டிரைவரும். ஆனா சப்பையான டயரு தார் சூட்டுல, வேகத்துல, மடங்கி மடங்கி ஓடினா என்ன ஆகும்னு இந்தக் கவுண்டர்ல நின்னு எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கேன். ஒரு வளைவுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டா அந்தப் பழைய ஜீப் நிக்காது, சாய்ஞ்சிரும்.

"மாரியப்பா, தார் ரோட்டுல ஏத்தாத. சொல்லிட்டேன். மீறி ஏத்தினா நான் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். பரீட்சை போனா இன்னொரு தடவை எழுதலாம்."

அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறது கேட்டுச்சு. ஆனா போனை வைக்கல. "அங்கயே நில்லு. நான் ஆளு அனுப்புறேன்"னேன்.

யாரை அனுப்புவேன்? என் தலைக்குள்ள ஒரு பட்டியல் உண்டு. யாருக்கு எந்த மிசினு குடுத்தேன்னு மறக்கவே மறக்காது. வத்திராயிருப்புல ஒரு தேங்காய் அண்ணாச்சி இருந்தாரு. அவர் ஜீப்புல இஞ்சின் பெல்ட்டு மிசினு நான்தான் மாட்டச் சொன்னேன். கூப்பிட்டேன். பல் விளக்கிக்கிட்டு இருந்தவரு, "வாரேன் தாயி"ன்னு ஒரே வார்த்தையில கிளம்பிட்டாரு. அவரை நினைச்சு இன்னைக்கும் நான் ஜெபம் பண்ணுவேன். ஆனா அன்னைக்கு அவரைத் திட்டினதும் நான்தான். ஏன்னு கேளுங்க.

இட்லியை அப்படியே போட்டுட்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன், ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நான் என்ன கிழிக்கப் போறேன், அதெல்லாம் தெரியாது. வீட்டுல நிக்க முடியலை. பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மணி ஒம்பதை நெருங்குது.

"வந்து சேர்ந்துட்டேன் தாயி. ஒண்ணும் கவலைப்படாத. ஒரு டயர் முடிஞ்சிருச்சு. ரெண்டே நிமிசம்! தம்பி அசந்து போயிட்டாரு. இந்தா, பெல்ட்டு எப்படிச் சுத்துதுன்னு காட்டிக்கிட்டு இருக்கேன்."

"பிள்ளை எங்க?"

"இந்தா, மரத்துக்குக் கீழ நிக்கா."

ஆத்திரம்னா ஆத்திரம் எனக்கு. ரெண்டு ஆம்பளைங்க, ரெண்டு ஜீப்பு, நடுவுல ஒரு மிசினு. பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பெல்ட்டு பார்த்துக்கிட்டு நிக்காங்க! பிள்ளை பரீட்சைக்குப் போகணும்ங்கிறது ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு. காத்து அடிக்கத்தானே கூப்பிட்டா, அடிச்சு முடிப்போம்னு அவர் நினைச்சிருக்காரு. நானும் போன்ல அப்படித்தானே சொன்னேன், "போய்க் காத்து அடிச்சு விடுங்க"ன்னு. அதுவும் என் தப்புதான். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா பயந்து நகர்ந்து உக்கார்ற அளவுக்குக் கத்தினேன்.

"அண்ணாச்சி! காத்தைப் பொறவு அடிங்க! முதல்ல அந்தப் பிள்ளைய உங்க வண்டியில ஏத்துங்க! உங்க டயர்லதான் காத்து இருக்குல்ல!"

"அட ஆமா"ன்னு அண்ணாச்சி சொன்னது கேட்டுச்சு. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. வண்டி கிளம்பிருச்சு.

அவசரத்துல நம்ம தொழில்காரங்க பண்ற தப்பு இது ஒண்ணுதான். எது உடைஞ்சிருக்கோ அதைச் சரி பண்ணப் போயிருவோம். யாருக்கு என்ன அவசரம்னு மறந்துருவோம். அன்னைக்கு உடைஞ்சது காத்து மிசினு. ஆனா அவசரம் காத்துக்கு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி அந்தப் பள்ளிக்கூட வாசலுக்கு நான் போகும்போது பிள்ளைங்க எல்லாம் உள்ள போய்க்கிட்டு இருந்தாங்க. நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு நிக்கேன். கூட்டம் குறைஞ்சது. மணி அடிச்சது. வாசல்ல காவலுக்கு நின்னவர் கேட்டை இழுத்துச் சாத்தினாரு. நான் போய், "அய்யா, ஒரு பிள்ளை வந்துக்கிட்டு இருக்கு, வண்டி ரிப்பேரு"ன்னேன். "நீங்க யாரும்மா, அம்மாவா?"ன்னாரு. என்ன சொல்ல? "வண்டி ரிப்பேர் ஆனதுக்கு நான்தான்யா காரணம்"னேன். அந்த மனுசன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. கேட்டுக்குப் பூட்டு மட்டும் போடலை.

கொஞ்சம் கழிச்சு அண்ணாச்சி ஜீப்பு வந்துச்சு. நிக்கிறதுக்கு முன்னாலயே பிள்ளை குதிச்சிருச்சு. பாவாடை ஓரமெல்லாம் மணலு. கையில பிளாஸ்டிக் கவருக்குள்ள ஹால் டிக்கெட்டு. என்னைப் பார்க்கக் கூட இல்லை, உள்ள ஓடிருச்சு. அண்ணாச்சி வண்டியைத் திருப்பும்போது, "தாயி, கோவமா?"ன்னாரு. "போங்க அண்ணாச்சி, போய்ப் பல்லை விளக்குங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

மாரியப்பன் அடுத்த பஸ்ஸுல வந்து சேர்ந்தான். அண்ணாச்சி கிளம்பின வேகத்துல இவன் ஏறலை; ஸ்டெப்னி மாத்தவும் பொறுமை இல்லாம, ஜீப்பை ஓடைக் கரையிலயே விட்டுட்டு, ஊருக்கு நடந்து வந்து ஏறியிருக்கான். பிள்ளை உள்ள போயிருச்சுன்னு சொன்னதும் அப்படியே சுவரோரமா உக்காந்துட்டான். நானும் பக்கத்துல உக்காந்தேன். அவனே பேச ஆரம்பிச்சான்.

"தப்பு என் மேலதான்கா. நீங்க செத்த நேரம்னுதான் சொன்னீங்க. நான் நாலு டயரு முடியிற வரைக்கும் செத்த நேரம்னு நினைச்சுட்டேன். தண்ணியையும் ஊத்திட்டேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தாக் கூட நான் பேசாம வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். அவன் தன்னையே குத்தம் சொன்னதும் எனக்குத் தாங்கலை. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை அவன்கிட்ட சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லுறேன்.

"மாரியப்பா, எனக்கு வாய் தவறி வரலை அது. பதினஞ்சு நிமிசம், முப்பது நிமிசம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நிமிசக் கணக்குச் சொன்னா ஆளுங்க யோசிப்பாங்க. அரை மணி நேரம் நிக்கணுமா, அப்ப வேண்டாம்மா, யோசிச்சுட்டு வாரேன்னு போயிருவாங்க. செத்த நேரம்னு சொன்னா யாரும் யோசிக்க மாட்டாங்க. கூட்டமா இருந்துச்சு. நீயும் யோசிச்சு நிக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வருசக் கணக்கா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

எந்திரிச்சுப் போயிட்டான். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டான். எனக்கு எந்திரிச்சுப் போகவும் முடியலை, உக்காரவும் முடியலை. ஒவ்வொரு கஸ்டமரும் என்னை "அக்கா"ன்னு கூப்பிடும்போது ஒரு பெருமை இருக்கும் பாருங்க. அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அவன் யோசிக்காம மிசினை வாங்கிட்டுப் போயிருக்கான். அது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு கையிலயும் ரெண்டு டீயோட வந்தான். ஒண்ணை எங்கிட்ட நீட்டினான். முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அடுத்த மிசினையும் உங்ககிட்டத்தான்கா வாங்கணும். வேற யாரைத் தெரியும் எனக்கு? ஆனா இந்தத் தடவை நான் கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க."

கேட்டான். ஒண்ணு விடாமக் கேட்டான். பெல்ட்டு மிசினு எத்தனை நிமிசம் ஓடும், நாலு டயருக்கும் எத்தனை நிமிசம், பெல்ட்டு அறுந்தா இஞ்சின் நிக்குமா, தண்ணி பட்டா என்ன ஆகும், தாங்குகட்டை அடிக்க ஒரு நாள் ஆகுமா ரெண்டு நாளா. தெரிஞ்சதைச் சொன்னேன். தெரியாததைப் பட்டறையில கேட்டுச் சொல்லுதேன்னேன். ரெண்டு நாள் வண்டி நிக்கும்னு சொன்னதும் யோசிச்சான். நான் வாயைத் திறக்கலை. நல்லா யோசிக்கட்டும்னு விட்டுட்டேன். அந்த டீ ஆறுற வரைக்கும் யோசிச்சுட்டு, "பரீட்சை முடியட்டும், வண்டியக் கொண்டாந்து விடுறேன்"னான். இந்தக் கடைக்காக நான் பண்ணதுலயே ஒழுங்கான வியாபாரம்னா, பள்ளிக்கூட வாசல்ல உக்காந்து பண்ண அது ஒண்ணுதான்.

இப்ப நம்ம கடையில விக்கிற ஒவ்வொரு பெட்டி மேலயும் தடிச்ச பேனாவால ரெண்டு எண்ணு எழுதியிருக்கு பாருங்க, ஓடுற நிமிசம், நிக்கிற நிமிசம். எழுத ஆரம்பிச்சவ நான்தான். அதை நீங்க காட்டுனா மட்டும் போதாது. வாயாலயும் சொல்லணும். கேட்டு அந்த ஆளு யோசிச்சா யோசிக்கட்டும். பெட்டிய வச்சுட்டுப் போனாப் போகட்டும்.

பரீட்சை முடிஞ்சு மணி அடிச்சது. பிள்ளைங்க கூட்டமா வெளிய வந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் விடையைச் சொல்லிக்கிட்டு, கத்திக்கிட்டு. ஈஸ்வரி கடைசியில தனியா வந்தா. அப்பனைப் பார்த்துச் சிரிச்சா. பொறவு என்னைப் பார்த்தா. காலையில இருந்து நான் அங்கயே நிக்கேன்னு அவளுக்கு அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"சாப்பிட்டீங்களா அத்தை?"ன்னா.

இதைத்தான் முதல்ல கேட்டா. நான் அதை விட்டுட்டு, "எப்படித்தா எழுதின?"ன்னேன்.

"நல்லா எழுதியிருக்கேன் அத்தை. கடைசியில அஞ்சு மார்க்குக் கணக்கு ஒண்ணுதான் விட்டுப் போச்சு. தெரிஞ்ச கணக்குதான். போட ஆரம்பிச்சுட்டேன், அதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டாங்க."

"எம்புட்டு நேரம்தா பத்தலை?"

"ரெண்டு நிமிசம்"னா.

அவ குரல்ல கோவமே இல்லை. கேட்டதுக்குச் சரியாப் பதில் சொன்னா, அவ்வளவுதான்.